மூட்டையின் வயிறு

கொக்கி என்றால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அது அவர் மனைவிக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும் மட்டும். மற்றவர்களுக்கு அவர் கொக்கி, இளவட்டங்களுக்குக் கொக்கியண்ணன். இப்போது அவரிடம் கொக்கி கிடையாது. தள்ளுவண்டியில் தண்ணீர் கேன் போடுகிறார். "தண்ணி கேன்ல கொக்கி மாட்ட முடியாதுல்ல, அதான் இந்த வேலை" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு பாதியில் நின்றுவிடும். உடனே கேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். எதிர்வீட்டுக்காரன் என்பதால் அந்தப் பாதிச் சிரிப்பை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ரயில்பாதை ஓரத்துத் தானியக் கிடங்கில் அவர் லோடுமேனாக இருந்தார். ஆளைப் பார்த்தால் ஒரு மூட்டைகூடத் தூக்கமாட்டார் போலிருக்கும். ஒல்லி, ஒரு பக்கம் சாய்ந்த தோள். ஆனால் அந்தக் கொக்கி கைக்கு வந்துவிட்டால் வேறு ஆள். மரக் கைப்பிடி போட்ட வளைந்த இரும்பு அது. வியர்வை ஊறிக் கைப்பிடி கறுத்துப்போயிருந்தது. ரயில் பெட்டியிலிருந்து மூட்டையைச் சுண்டி இழுத்து, அது கீழே விழுவதற்குள் முதுகைக் கொடுத்துவிடுவார். கூட இருக்கிறவர்கள் ஒரு மூட்டையை இறக்குவதற்குள் இவர் இரண்டாவதற்குத் திரும்பியிருப்பார். அதனால் வந்த பெயர்தான் கொக்கி.

மூட்டையின் வாயைத் தைக்கும்போது இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் சாக்கைத் தூக்கிவிட்டு முடிவார்கள். அதற்குக் காது என்று பெயர். கொக்கியைக் காதில் மாட்டித் தூக்கினால் ஒரு மணி சிந்தாது. நடுவில் குத்தித் தூக்கினால் சிந்தும். அதற்கு வயிற்றில் போடுவது என்பார்கள். சிந்தியது இறக்கினவனுக்குச் சொந்தம் என்பது கிடங்கில் எழுதாத சட்டம். வேலை முடிந்ததும் தரையைக் கூட்டி, கிடைத்ததை ஆளுக்குக் கொஞ்சமாகத் துண்டில் முடிந்துகொண்டு போவார்கள். ஆகவே நல்ல லோடுமேனுக்குக் காது, கூலி போதாத லோடுமேனுக்கு வயிறு. கொக்கியண்ணன் நல்ல லோடுமேன்தான், கூலியும் போதாததுதான். இரண்டையும் சேர்த்து ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்.

இப்போதெல்லாம் சாக்கு பிளாஸ்டிக் இழையில் நெய்து வருகிறது. பக்குவமாகக் குத்தினால் கொக்கியின் நுனி இழையை அறுக்காது, விலக்கும். கையைக் கொஞ்சம் திருப்பினால் இரண்டு கைப்பிடி அரிசி கொட்டும். பிறகு கொக்கியின் முதுகால் அந்த இடத்தில் நாலு தேய்ப்பு. விலகிய இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஓட்டை தெரியாது. இந்த வித்தையை அவர் கூட்டாளிகள் அத்தனை பேருக்கும் கற்றுக்கொடுத்திருந்தார், பெருமையாக.

அப்போது கிடங்கு ஒரு வியாபாரியிடம் இருந்தது. அந்த மனிதர் கூலியில் எச்சிற்கையால் காக்கை ஓட்டாத ரகம். அவருடைய மூட்டையின் வயிற்றில் குத்துவதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. கொக்கியண்ணனின் மனைவி அந்த அரிசியில் கோழி வளர்த்தாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளைவிடக் கொழுகொழுவென்று இருக்கும் அந்தக் கோழிகள். தெரு முழுக்க அவள் முட்டைதான். கடை முட்டைக்கு இந்த ருசி வராது என்று சொல்லிச் சொல்லி நாங்களும் தின்றோம்.

பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் சண்டை மூண்டது. ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு ஆற்றைக் கடந்து வந்தார்கள். செங்கல் சூளைகளுக்கு அப்பால் இருந்த பொட்டலில் அவர்களுக்கு முகாம் போட்டார்கள். வியாபாரி கிடங்கை ஓர் உதவி நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விட்டார். கிடங்கு அதேதான், ரயில் அதேதான், லோடுமேன்களும் அதே ஆட்கள்தான். மூட்டையின் மேல் மட்டும் 'விற்பனைக்கு அல்ல' என்று நீல எழுத்தில் அச்சடித்து வந்தது.

முதல் நாள் அதைப் பார்த்துக் கொக்கியண்ணன் கொஞ்சம் தயங்கினார். மேஸ்திரி, அதாவது அந்த லோடுமேன் கூட்டத்துக்குத் தலைவர், தோளில் தட்டினார்.

"என்னடா யோசனை? யாரோ எங்கேயோ இருந்து அனுப்புறான். கப்பல் கப்பலா வருது. ரெண்டு கைப்பிடில குறைஞ்சுடப் போகுதா?"

குறையாது என்றுதான் அவருக்கும் தோன்றியது. கொக்கி பழையபடி வயிற்றில் இறங்கியது. கிழிந்துபோன சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து அவர் மனைவி கோழிக்கூண்டுக்குத் திரையாகக் கட்டினாள். 'விற்பனைக்கு அல்ல' என்ற எழுத்துக்குக் கீழே கூடையை வைத்து அவள் முட்டை விற்றாள். அதைச் சொல்லி நாங்கள் கேலி செய்வோம். அவளும் சிரிப்பாள்.

முகாமுக்கு லோடுமேன்கள் போனதே இல்லை. லாரியில் ஏற்றிவிடுவதோடு இவர்கள் வேலை முடிந்தது. அங்கே இறக்குவதற்கு முகாமிலேயே ஆட்கள் இருந்தார்கள். அந்த மழைக்காலத்தில் முகாமில் காய்ச்சல் பரவி, மூட்டை இறக்கும் ஆட்களெல்லாம் படுத்துவிட்டார்கள். நிறுவனத்தின் சார்பில் அரிசி வினியோகத்தைப் பார்த்துக்கொண்ட பெண்ணை எல்லோரும் சப்ளை மேடம் என்பார்கள். அவள் கிடங்குக்கு வந்து மேஸ்திரியிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டாள். லோடுமேன்கள் லாரியிலேயே ஏறிப் போனார்கள். கொக்கியண்ணனும் போனார்.

முகாமில் அரிசி கொடுத்த விதத்தைச் சொல்லவேண்டும், இல்லையென்றால் பின்னால் நடந்தது புரியாது. ஐந்து குடும்பத்துக்கு ஒரு மூட்டை. அந்த ஐந்து குடும்பமும் ஒரு குழு. தார்ப்பாயை விரித்து, மூட்டையைப் பிரித்து, அவர்களே பிரித்துக்கொள்ள வேண்டும். குழுவில் ஒருவர் பால்பவுடர் டப்பாவால் அளப்பார். ஐந்து குவியலுக்கும் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு டப்பாவாகப் போடவேண்டும். அளப்பவருடைய குவியலுக்கு ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாகத்தான் விழும். யாரும் ஏமாற்றாமல் இருக்க அவர்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. குறைந்தால் அளந்தவருக்குத்தான் குறையும்.

அன்றைக்குக் கொக்கியண்ணன் இறக்கிய மூட்டை போன குழுவில் அளந்தவள் ஒரு தையல்காரி. ஊரில் பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்துப் பிழைத்தவள். புருஷன் இல்லை, எட்டு வயதில் ஒரு மகள். அவளை எல்லோரும் அளவுக்காரி என்று கூப்பிட்டார்கள். டப்பாவை முக்கி எடுத்து, உள்ளங்கையால் விளிம்போடு வழித்து, தலைதட்டி அளந்தாள். டப்பாவுக்கு டப்பா ஒரு மணி கூடவில்லை, குறையவில்லை. இறக்கி முடித்த லோடுமேன்கள் லாரி நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொழில் தெரிந்த கையைப் பார்த்தால் இன்னொரு தொழில்காரனுக்குச் சந்தோஷமாக இருக்கும். கொக்கியண்ணனுக்கும் இருந்தது.

கடைசிச் சுற்றில் மூன்று குவியலுக்கு விழுந்தது. நான்காவதுக்கு டப்பாவை முக்கியபோது சாக்கில் அரிசி இல்லை. சாக்கை உதறினாள். நாலு மணி விழுந்தது.

நான்காவது குவியல் ஒரு பஸ் கண்டக்டருடையது. ஊரில் இருந்தபோது பயணிகள் கையில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்தே பிழைத்த ஆள். பெரிய குடும்பம், வீட்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"போன தடவையும் குறைஞ்சுது, அதுக்கு முந்தியும் குறைஞ்சுது. நீ வாய மூடிக்கிட்டுப் போன."

"எனக்குத்தானே குறைஞ்சுது? உங்களுக்கு ஒழுங்கா வந்துச்சுல்ல?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். தன் பங்கு குறைஞ்சா எவளாவது சும்மா இருப்பாளா? எடுத்தவதான் சும்மா இருப்பா."

சுற்றி இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதுவரை யாருக்கும் தோன்றாத விஷயம், அவர் சொன்னதும் எல்லோருக்கும் முன்னாலேயே தோன்றியிருந்தது போல ஆகிவிட்டது. அளவுக்காரி எழுந்து, மடியை அவிழ்த்து எல்லோர் முன்னாலும் உதறிக் காட்டினாள். அவள் மகள் பக்கத்தில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றது.

"மூட்டையே குறைச்சலா வந்திருக்கும்" என்றாள்.

கண்டக்டர் சாக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "தையல் பிரியல. ஓட்டை இல்ல. காத்துல போயிடுச்சா?"

அவள் திரும்பினாள். லாரி நிழலில் இருந்தவர்களில் அந்த மூட்டையைத் தூக்கிவந்தவர் யாரென்று அவளுக்கு நினைவிருந்தது.

"அண்ணே, நீங்கதானே கொண்டாந்து போட்டீங்க. நீங்களே சொல்லுங்க. மூட்டை எங்கேயாவது கிழிஞ்சிருந்துச்சா? வழியில சிந்துச்சா?"

பின்னால் மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

"இல்லம்மா" என்றார் கொக்கியண்ணன். "மூட்டை முழுசாத்தான் இருந்துச்சு."

அதைப் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. ஓட்டை இல்லைதான். அதை மூடியவரே அவர்தான்.

அதோடு அவரை விட்டிருக்கலாம். விடவில்லை. இறக்க வந்தவர்களுக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு தட்டுச் சாப்பாடு போடுவது என்று முகாம்காரர்கள் பேசி வைத்திருந்தார்கள். அந்தக் குழுவில் அன்றைக்கு அளவுக்காரியின் முறை. கண்டக்டர் அவளைத் திட்டிய திட்டு காற்றில் ஆறுவதற்குள் அவள் தட்டில் சோறு கொண்டுவந்து கொக்கியண்ணன் முன்னால் வைத்தாள். "சாப்பிடுங்கண்ணே, காலையிலேருந்து தூக்குறீங்க" என்றாள். கண் சிவந்திருந்தது, குரலில் ஒன்றும் இல்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்லவேண்டும். அவர் சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டதை நினைத்தால் இன்றைக்கும் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கோழிகள் ஓடிவந்து காலைச் சுற்றின. அவை ஓடிவந்ததே இடுப்புத் துண்டைப் பார்த்துத்தான். அவர் முடிச்சை அவிழ்க்காமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி வந்து பார்த்தாள்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

சொன்னார். அவள் நம்பவில்லை.

"நீங்க ரெண்டு கைப்பிடி எடுத்ததுக்கா ரெண்டு டப்பா குறையும்?"

"ரயில்ல இருந்து எறக்குறப்ப நான் ரெண்டு, கிடங்குல அட்டி அடுக்குறவன் ரெண்டு, லாரியில ஏத்துறவன் ரெண்டு. எல்லாரும் ரெண்டுதான் எடுத்தோம்."

அவள் உள்ளே போய்க் கோழி அரிசி வைத்திருந்த டின்னைத் தூக்கிவந்து முறத்தில் கொட்டினாள். கல் பொறுக்கினாள், புடைத்தாள், மறுபடி கல் பொறுக்கினாள். "கோழிக்குப் போட்டதை மனுஷங்களுக்குக் குடுக்கிறோம், ஒரு கல் இருக்கக் கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதன்மேல் தன் வீட்டு அரிசியிலிருந்தும் நிறைய அள்ளிப் போட்டாள். பை வேண்டுமே? கூண்டில் தொங்கிய சாக்குத் திரையைக் கழற்றி, கழுவிக் காயப்போட்டு, வெட்டி, ஒரு பையாகத் தைத்தாள். நல்ல மனசோடு செய்ததுதான். புருஷனும் பெண்டாட்டியும் வாழ்நாளில் நல்ல மனசோடு செய்த மிக மோசமான காரியம் அது.

அடுத்த தடவை முகாமுக்குப் போனபோது அந்தப் பையை லாரி சீட்டுக்கு அடியில் ஒளித்து எடுத்துப் போனார். அவளிடம் நேரில் கொடுத்தால் எதற்கு என்று கேட்பாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அந்தத் தைரியம் அவருக்கு இல்லை. ஜனங்கள் வரிசையில் நிற்கும் நேரம் பார்த்து அவள் கூடாரத்துக்குள் நுழைந்தார். ஒரு பாய், ஒரு தண்ணீர்க் குடம், கயிற்றில் ஒரு சின்னக் கவுன், அவ்வளவுதான் வீடு. பையை வாசலில் வைத்தால் யாராவது எடுத்துப் போய்விடுவார்களே என்று, சுருட்டி வைத்திருந்த பாய்க்கும் போர்வைக்கும் அடியில் நன்றாகத் தள்ளி வைத்தார். மனதில் இருந்த பாரத்தில் பாதி இறங்கிவிட்டது போல இருந்ததாம். திரும்பும் வழியில் மேஸ்திரி சொன்ன ஜோக்குக்குச் சிரித்தாராம்.

பாரம் எங்கே போய் இறங்கியது என்பது மூன்றாவது தடவை போனபோது தெரிந்தது. லாரியின் பின்கதவைத் திறக்கும்போதே கூட்டம் தெரிந்தது. தார்ப்பாயின் நடுவில் அவர் மனைவி தைத்த பை இருந்தது. அரிசி அப்படியே இருந்தது, யாரும் அதில் கை வைக்கவில்லை. 'விற்பனைக்கு' என்ற எழுத்து மட்டும் பையின் ஒரு பக்கத்தில் தெரிந்தது. மீதி தையலுக்குள் போயிருந்தது. பைக்கு அந்தப் பக்கம் அளவுக்காரி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

கேட்டுத் தெரிந்துகொண்டார். பாயை விரிக்கும்போது மகள்தான் பையைக் கண்டெடுத்திருக்கிறது. சந்தோஷத்தில் கண்டக்டர் வீட்டுப் பிள்ளையிடம் போய், எங்க வீட்டுல நிறைய அரிசி இருக்கு என்று சொல்லியிருக்கிறது. அப்புறம் என்ன, கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. உதவி அரிசி, உதவி சாக்கிலேயே தைத்த பை, தைத்துப் பிழைத்தவள் கூடாரத்தில். அவள் எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது என்று சொன்னதை யார் கேட்பார்கள்? அவளைக் குழுவிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று மற்ற நாலு குடும்பமும் சப்ளை மேடத்திடம் சொல்லிவிட்டார்கள். வேறு எந்தக் குழுவும் அவளைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இல்லை. குழுவில் இல்லாதவர்களுக்கு மூட்டையில் பங்கு இல்லை. அதை முடிவு செய்யத்தான் அன்றைக்கு அவ்வளவு கூட்டம்.

கொக்கியண்ணன் லாரியிலிருந்து இறங்கினார். மேஸ்திரி சட்டையைப் பிடித்து லாரிக்குப் பின்னால் இழுத்தார். எல்லாம் அவருக்கும் புரிந்துவிட்டது.

"பைத்தியக்காரத்தனம் பண்ணாத. ஒருத்திக்காக நம்ம அத்தனை பேர் வயித்துலயும் மண்ணைப் போட்டுடாத."

"நம்மதான் போட்டோம் மேஸ்திரி" என்றார் இவர். "அவங்க வயித்துல."

சட்டை கிழிந்தது. அதைப் பார்க்காமல் நடந்து போய்த் தார்ப்பாயின் ஓரத்தில் நின்றார். பேச்சு வராத மனிதர் அவர். எங்கள் தெருவில் கல்யாண வீட்டில்கூட மூலையில்தான் உட்காருவார். இறக்கி வைத்திருந்த மூட்டைகளில் ஒன்றை இழுத்து நடுவில் போட்டார்.

"கண்டக்டர் சார், இந்த மூட்டையை நல்லாப் பாருங்க. ஓட்டை இருக்கா?"

கண்டக்டர் எரிச்சலோடு பார்த்தார். நாலு பக்கமும் புரட்டினார், விரலால் தடவினார். "இல்ல. அதுக்கென்ன இப்ப?"

கொக்கியண்ணன் கொக்கியை மூட்டையின் வயிற்றில் இறக்கிக் கையைத் திருப்பினார். அரிசி தார்ப்பாயில் கொட்டியது. கொக்கியை உருவி, அதன் முதுகால் நாலு தேய்ப்புத் தேய்த்தார். பிறகு தள்ளி நின்றார்.

"இப்பப் பாருங்க."

கண்டக்டர் குனிந்தார். தடவினார். கொட்டிய அரிசி கண்ணெதிரே கிடந்தது, அது வந்த வழியைக் காணோம். கடைசியில் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். சப்ளை மேடம் பேனாவைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"எத்தனை தடவை?" என்று கேட்டாள்.

"முதல் மூட்டையிலேருந்து" என்றார். பிறகு பையைக் காட்டினார். "அது என் பொண்டாட்டி தைச்சது. எங்க கோழிக்கு வெச்சிருந்த அரிசி. அந்தம்மாவுக்கு எதுவும் தெரியாது. அன்னைக்கு மூட்டை முழுசுன்னு சொன்னது நான்தான்."

திருடினேன் என்பதை எப்படியோ சொல்லிவிட்டார். இவ்வளவு பேர் பசியோடு நிற்கும் இடத்தில் கோழிக்குப் போட்டோம் என்று சொல்வதற்குத்தான் உயிர் போய்விட்டது. பின்னாலிருந்து யாரோ காறித் துப்பினார்கள். அவர் மேல் படவில்லை, பக்கத்தில் விழுந்தது. பட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும் என்றார் என்னிடம்.

சப்ளை மேடம் அத்தனை லோடுமேன்களின் கொக்கிகளையும் வாங்கிக் காலி எண்ணெய்ப் பீப்பாயில் போடச் சொன்னாள். இனிமேல் கிடங்கில் கொக்கி கிடையாது, வெறும் கையால்தான் தூக்கவேண்டும் என்றாள். ஒவ்வொன்றாக விழுந்த சத்தம் கேட்டது. கொக்கியண்ணனுடையது முதலில் விழுந்தது. போட்டுவிட்டு வந்த கூட்டாளிகள் ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. பிறகு அவள் ஒரு மூட்டையை எடை போட்டு, குறைந்ததை இன்னொன்றிலிருந்து எடுத்து நிரப்பி, அந்தக் குழுவுக்குக் கொடுக்கச் சொன்னாள்.

கண்டக்டர் டப்பாவை எடுத்து அளவுக்காரியின் பக்கம் நகர்த்தினார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார், என்னவோ காய்ச்சல் பற்றிச் சொன்னார், அவள் முகத்தைப் பார்க்காமல் நிறுத்திக்கொண்டார். அவள் டப்பாவைத் தொடாமல் கொக்கியண்ணனைக் காட்டினாள்.

"அவரே அளக்கட்டும்" என்றாள்.

கொக்கியண்ணன் உட்கார்ந்தார். முதல் டப்பாவைக் குவியலாக முக்கி எடுத்தார். இனி யாருக்கும் குறைய விடக்கூடாது என்ற எண்ணம்தான்.

"தலைதட்டுங்கண்ணே" என்றாள் அவள். "குவிச்சா கடைசி ஆளுக்கு வராது."

வழித்துவிட்டு அளந்தார். சுற்றிச் சுற்றி வந்தார். ஒவ்வொரு டப்பாவிலும் எல்லோருடைய கண்ணும் அவர் கையில் இருந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ ஆயிரம் மூட்டை தூக்கியிருப்பார். ஒரு டப்பா அரிசி இவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதியில் அவள், யாரையும் பார்க்காமல் பொதுவாகப் பேசுவது போலச் சொன்னாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு மூட்டையோட போயிருக்கும். ஊரு சொன்னதைத் தாங்கிக்கிட்டேன். இவ வந்து, அம்மா நீ எடுத்தியான்னு கேட்டுட்டா. இல்லன்னு சொன்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டா. நம்பல."

அவர் அளந்துகொண்டே இருந்தார். கடைசிச் சுற்றில் நான்காவது குவியலுக்கு விழுந்தது. ஐந்தாவதுக்கும் விழுந்தது. சாக்கை உதறியபோது இன்னும் ஒரு கைப்பிடி வந்தது. அதை ஐந்தாகப் பிரித்துப் போட்டார்.

அளவுக்காரியின் மகள் பாத்திரத்தோடு வந்து தங்கள் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தது. வழக்கமாகக் கொண்டுவரும் பாத்திரம்தான். அள்ள அள்ள நிறைந்து, விளிம்பைத் தாண்டி, மேலே கொள்ளாமல் தார்ப்பாயில் மீதி கிடந்தது. அது பாத்திரத்தைப் பார்த்தது, மற்ற குவியல்களைப் பார்த்தது. பிறகு பயந்த குரலில் கேட்டது.

"அம்மா, இன்னைக்கு ஏன் நமக்கு இவ்ளோ அரிசி குடுத்திருக்காங்க?"

அவள் மகளின் தலையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எப்பவும் குடுத்தது இவ்ளோதான்" என்றாள்.

குழந்தை திரும்பிக் கொக்கியண்ணனைப் பார்த்தது. அவர் கையில் இன்னும் அந்த டப்பா இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.